சைகைமொழியில் கல்விச்சொற்கள்: பெங்களூர் வகையை முன்வைத்து ஒரு திறனாய்வு

இந்தியச் சைகைமொழி பற்றிய மொழியியல் ஆய்வின் தொடக்கத்திலேயே பெங்களூருக்கு ஓர் இடம் உண்டு. 1970களின் பிற்பகுதியில் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட் முதலியோர் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களில் செவிகேளாதோர் வழங்கும் சைகைகளைத் திரட்டி ஒப்பிட்டனர். இந்நகரங்களின் சைகைகளுள் ஏறத்தாழ 75 விழுக்காடு ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை 1978இல் வெளிவந்த அவர்களது கட்டுரை எடுத்துரைத்தது. அதே காலப்பகுதியில் செவிகேளாதோர் பள்ளிகளைச் சார்ந்த கல்வியாளர் பலரை வினவியபோது, இந்தியாவுக்கெனத் தனிச் சைகைமொழி எதுவும் இல்லை என்ற விடையே கிடைத்தது என்பதையும் உடன்வைத்துக் காணுதல் வேண்டும். பள்ளியின் உள்ளே இல்லை எனப்பட்ட மொழி பள்ளியின் விடுதியிலும் விளையாட்டிடத்திலும் வழங்கிவந்தது. ஆய்வாளர் அதனைத் தேடிச் சென்று கண்டனர்.

இவ்வாய்வின் தொடர்ச்சியாக நகர வகைகளுக்குத் தனித்தனி அறிமுக நூல்கள் உருவாயின. பெங்களூர் வகைக்குரிய நூல், வசிஷ்டா, உட்வர்ட், டிசாண்டிஸ் ஆகியோர் பெயரில் 1985இல் வாசிங்டனின் காலடெட் ஆய்வு நிறுவன வெளியீட்டு வரிசையில் வந்தது. மொழியியலார்க்கு இதில் இரண்டு செய்திகள் முதன்மையானவை. முதலாவது, தில்லிக்கும் பெங்களூருக்கும் இடையே இந்தோ-ஆரிய, திராவிட மொழிக்குடும்ப எல்லை குறுக்கிட்டாலும் சைகைகளின் உறவை அவ்வெல்லை அறுக்கவில்லை. இரண்டாவது, பின்வந்த மொழிப்பட்டியல்கள் பெங்களூர், சென்னை, ஐதராபாத் ஆகியவற்றின் சைகைகளை ஒரே வகையாக இணைத்துக் குறிக்கின்றன. ஆகவே பெங்களூர் வகை என்பது தமிழாய்வாளர்க்கு அயல்மாநிலச் செய்தியன்று. ஒருபுறம் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகியவற்றை வீட்டுமொழியாகக் கொண்ட குழந்தைகள் ஒரே பள்ளியில் கூடும் நகரம் அது. மறுபுறம், இக்குழந்தைகள் தம்முள் பேசிக்கொள்ளும் மொழியோ அந்நான்கனுள் எதுவும் அன்று.

இவ்வகையில் கல்விச்சொற்கள் எவ்வாறு பயிலப்படுகின்றன, அவற்றைத் தொகுக்கும் அகராதிகள் எந்தக் கொள்கையின்மேல் நிற்கின்றன என்னும் வினாக்கள் இங்கு ஆராயப்படுகின்றன. 1985ஆம் ஆண்டு நூல் அறிமுக நூலே. அதனிடம் முழுமையான கலைச்சொற்றொகையை எதிர்பார்ப்பது முறையன்று. எனினும் அந்நூலும் அதற்குப் பின்வந்த பெரும் அகராதிகளும் ஒரு பழக்கத்தைப் பொதுவாகக் கொண்டுள்ளன. ஆங்கிலச் சொல் முன்னே நிற்க, சைகை அதன் பெயர்ப்பாகப் பின்னே வருகிறது. இப்பழக்கம் எளியதாகத் தோன்றினாலும் கல்விச்சொற்களைப் பொறுத்தவரை இதன் விளைவுகள் பெரியவை.

படித்தலும் ஓதலும்

தமிழில் ‘படி’ என்னும் வினை நூலை வாசிப்பதையும் கல்வி பயில்வதையும் ஒருங்கே குறிக்கும். கன்னடத்தின் ‘ஓது’, தெலுங்கின் ‘சதுவு’ ஆகியவையும் அவ்வாறே. இந்தி, உருது மொழிகளிலும் இவ்விரு பொருளுக்கும் ஒரே வினைதான் வழங்குகிறது. பெங்களூரில் ஒரு குழந்தையின் வீட்டுமொழி இவற்றுள் எதுவாயினும் இப்பொருட்பரப்பு மாறுவதில்லை. ஆங்கிலமே இதனை இரண்டாகப் பிரிக்கிறது. ஆங்கிலத் தலைச்சொற்களைக் கொண்டு சைகைகளைத் திரட்டுபவர் வாசிப்புக்கு ஒன்றும் பயிலுதலுக்கு ஒன்றுமாக இரண்டு சைகைகளைக் கேட்பார். கேட்கப்பட்டவரும் இரண்டு தருவார். ஆனால் அவர்தம் மொழியில் இப்பகுப்பு முன்னரே இருந்ததா, வினவியவரின் பட்டியல் அதனை உண்டாக்கியதா என்பது அப்பதிவிலிருந்து தெரியவராது. ‘அவன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான்’, ‘அவன் கடிதம் படிக்கிறான்’ என்னும் இரு தொடர்களையும் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளருக்கோ இது கோட்பாட்டுச் சிக்கலன்று. ஒவ்வொரு முறையும் தீர்க்கவேண்டிய நடைமுறைச் சிக்கல். புத்தகத்தின் ஏடுகளைக் கண்ணால் தொடரும் செயலைக் காட்டும் சைகை முன்னதற்குப் பொருந்தாது. பத்தாம் வகுப்பில் பயில்வோன் புத்தகத்தைத் திறக்காமலே இருக்கவும் கூடும்.

இதுபோலவே ‘பாடம்’ என்பதும். ஆங்கிலத்தில் மூன்று வேறு சொற்கள் வேண்டப்படும் பொருள்களை, அதாவது கற்பிக்கப்படும் துறை, புத்தகத்தின் ஓர் அலகு, மூலநூலின் வடிவம் ஆகியவற்றை, இவ்வொரு சொல் தாங்குகிறது. ‘தேர்வு எழுதினான்’ என்னும்போது எழுதுதல் கையால் எழுதுவதை மட்டும் குறிப்பதன்று. தேர்வுக்கு உட்பட்டான் என்பதே பொருள். எழுதுதல் என்பதற்குரிய சைகை கையெழுத்தின் உருவத்தையே காட்டுவதால், ‘தேர்வு எழுதினான்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் விடைத்தாளை நிரப்பிய செயல்மட்டுமே மிஞ்சும். தமிழ்ச்சொல்லை முன்னே நிறுத்தினால் ஆங்கிலத்தின் பகுப்புகள் நீங்கும் என்பது உண்மை. ஆனால் அவற்றின் இடத்தில் தமிழின் பகுப்புகள் வந்து அமரும். தலைச்சொல்லின் மொழியை மாற்றுவது மட்டும் தீர்வாகாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

செவியை நம்பிய சொற்கள்

தமிழின் கல்விச்சொற்களை ஒருசேர நோக்கினால் வியப்புக்குரிய ஓர் உண்மை புலப்படும். அவற்றுள் பெரும்பங்கு செவியையும் வாயையும் அடிப்படையாகக் கொண்டவை. கற்பதற்கு ஓதுதல் என்பது பழைய பெயர். ஆசிரியரிடம் பயின்றதைப் ‘பாடம் கேட்டல்’ என்பர். வினாவுக்குக் ‘கேள்வி’ என்பது பெயர். திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரமும் கேள்விக்கு ஓர் அதிகாரமும் உள்ளன. நூல் வழியாகப் பெறுவது ஒன்று, செவிவழியாகப் பெறுவது மற்றொன்று. மாணாக்கன் பாடங்கொள்ளும் முறையை வகுக்கும் நன்னூல் பாயிரமும் செவியையே நடுவாக வைத்து அதனை விளக்குகிறது. பெருக்கல் அட்டவணை ‘வாய்ப்பாடு’; நினைவில் இருத்தியதைத் திரும்பச் சொல்வது ‘ஒப்பித்தல்’; பல்கலைக்கழக ஆசிரியர் ‘விரிவுரையாளர்’; நேரில் வினவித் தேர்வதோ ‘வாய்மொழித் தேர்வு’. திண்ணைப்பள்ளியில் மனப்பாடமே கல்வியாக இருந்த காலத்தின் சுவடு இச்சொற்களில் தங்கியிருக்கிறது.

செவிகேளாத குழந்தை இச்சொற்களின் வாயிலாகவே தன் கல்வியைப் பெறவேண்டியுள்ளது. ‘கேள்வி’ என்பதைப் பெயர்க்குமிடத்து, வினா என்னும் பொருளும் செவியால் பெறும் அறிவு என்னும் பொருளும் சைகையில் பிரிந்தே ஆகவேண்டும். ‘கல்வி கேள்விகளில் சிறந்தவர்’ என்னும் தொடரை, கல்வியிலும் வினாக்களிலும் சிறந்தவர் என்று பெயர்த்தால் நகைப்புக்கிடமாகும். காதால் கேட்பதில் சிறந்தவர் என்று பெயர்த்தாலோ, சைகையில் அதனைக் காண்போர்க்கு அது தம்மை விலக்கிவைக்கும் புகழுரையாகத் தோன்றும். பெரியோரை அடுத்து அறிந்து தெளிந்தவர் என்று பொருளைக் கொண்டு பெயர்ப்பதே தக்கது. புலனை நீக்கி உறவைக் காட்டுதல் என்று இம்முறையைக் குறிக்கலாம். வாய்ப்பாட்டின் நிலை வேறு. அங்கு வாய் என்பது பெயரில் மட்டும் உள்ளது. பயன்பாடு எண்களின் ஒழுங்கில் உள்ளது. ஓசையின் துணையின்றி விரல்களிலும் வெளியிலும் அவ்வொழுங்கை நிறுத்த இயலும். ஆகவே பெயரைப் பெயர்க்கவேண்டியதில்லை, ஒழுங்கைப் பெயர்த்தால் போதும். கைப்பாடு என்று அதற்கொரு புதுப்பெயர் சூட்டும் ஆசை தமிழாசிரியர் எவர்க்கும் எழலாம். எனினும் குழந்தைக்கு வேண்டியது அதுவன்று.

இந்தியச் சைகைமொழியில் பொதுச்சொற்கள் எவ்வளவு இயல்பாக வாழ்க்கையினின்று கிளைத்தவை என்பதற்குச் சான்றுகள் உள. பெண் என்பதற்கு மூக்கணி அணியும் இடம் தொடப்படுகிறது. ஆண் என்பதற்கு மீசை காட்டப்படுகிறது. வினாச்சொற்கள் தொடரின் இறுதியில் வருகின்றன. பொது வினாச்சைகையோடு எண்ணைக் குறிக்கும் சைகை சேர்ந்து ‘எத்தனை’ என்றும், இடத்தைக் குறிக்கும் சைகை சேர்ந்து ‘எங்கு’ என்றும் பொருள்தரும். உல்ரிக்கெ செஷன் 2000இல் வெளியிட்ட இந்திய-பாகிஸ்தானியச் சைகைமொழி விளக்கநூல் இத்தகைய அமைப்புகளை விரிவாக எடுத்துக்காட்டியது. வினாவை இவ்வாறு கூட்டி ஆக்கும் மொழிக்கு ஒரு வினாத்தாளைப் பெயர்ப்பது எளிதாக இருக்கவேண்டும். இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. வரையறு, விளக்கு, விவரி, வேறுபடுத்து, நிறுவு, காரணம் கூறு என்னும் ஏவல்வினைகளே தேர்வின் உயிர்நிலை. செவியுடைய மாணவர் இவற்றின் நுண்வேறுபாட்டை வகுப்பில் ஆசிரியர் ஓயாது பேசுவதிலிருந்து தம்மையறியாமல் பெற்றுவிடுகின்றனர். சைகையால் பயிலும் மாணவர்க்கு இவ்வேறுபாடு எவராலும் காட்டப்படாவிடில், எல்லாம் ‘எழுது’ என்னும் ஒரே ஏவலாகச் சுருங்கிவிடும். ஒளிச்சேர்க்கை என்னும் பெயருக்கு ஒரு சைகையைக் கற்றிருந்தும், அதனை வரையறுப்பதா விவரிப்பதா என்று அறியாத மாணவர் மதிப்பெண் இழப்பார். சொற்பட்டியலில் பெயர்ச்சொற்களைச் சேர்ப்பது எளிது. தேர்வில் வெற்றி தோல்வியை முடிவு செய்பவையோ இவ்வினைச்சொற்கள்.

பத்தாயிரம் சொற்களின் பேரகராதி

அண்மைக்காலத்தில் நிகழ்ந்துள்ள பணியின் அளவு பெரிது; அதனைப் பாராட்டாமல் குறைகூறுதல் நேர்மையாகாது. கோயம்புத்தூர் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் 2001இல் ஓர் இந்தியச் சைகைமொழி அகராதியை வெளியிட்டது. தில்லியில் 2015இல் அமைக்கப்பட்ட இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தன் அகராதியை 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கி, 2019இல் 6,000 சொற்களாகவும், 2021இல் 10,000 சொற்களாகவும் வளர்த்தது. அன்றாடச் சொற்களோடு கல்வி, சட்டம், மருத்துவம், தொழில்நுட்பம், வேளாண்மை ஆகிய துறைச்சொற்களும் அதில் இடம்பெற்றன. 2020 அக்டோபரில் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவோடு செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின்படி, பள்ளிப் பாடநூல்களைச் சைகைமொழியில் ஆக்கும் பணியும் மேற்கொள்ளப்பட்டது. அச்சுப்படத்தில் அசைவை அம்புக்குறியால் காட்டிய பழைய நூல்களைவிட, அசையும் படத்தில் சைகையாளரையே காட்டும் இவ்வகராதி பன்மடங்கு மேலானது. முகக்குறிப்பும் அசைவின் விரைவும் அதில் தெளிவாகத் தெரிகின்றன.

ஆயினும் அடிப்படைக் கொள்கை மாறவில்லை. 2022இல் இவ்வகராதியைக் கைப்பேசியில் பயன்படுத்தச் செயலி ஒன்று வெளிவந்தபோது, சொற்களை இந்தி வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ தேடலாம் என்று அறிவிக்கப்பட்டது. பெங்களூரில் கன்னட வழியில் பயிலும் மாணவரும், ஓசூரில் தமிழ் வழியில் பயிலும் மாணவரும் தம் பாடநூலிலுள்ள சொல்லை முதலில் ஆங்கிலமாக்கிக்கொண்டு பின்னர் சைகையைத் தேடவேண்டியிருந்தது. தேடத்தெரிந்த அளவுக்கு ஆங்கிலம் அறிந்தவர்க்கு அகராதியின் தேவை குறைவு. தேவை மிகுந்தவர்க்கோ தேடும் வழி அடைபட்டது. இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. ஒரு சைகையைக் கண்ட ஒருவர், அதன் பொருள் என்னவென்று இத்தகைய அகராதியில் தேடமுடியாது. பேச்சுமொழியிலிருந்து சைகைக்குச் செல்லும் ஒருவழிப் பாதையே அது. சைகையில் ஒருவர் கூறுவதைத் தமிழில் எழுதவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு அது கதவைத் திறப்பதில்லை.

இக்குறை தவிர்க்கமுடியாததன்று. வில்லியம் ஸ்டோக்கியும் உடனாய்வாளர் இருவரும் 1965இல் வெளியிட்ட அமெரிக்கச் சைகைமொழி அகராதி, ஆங்கில அகரவரிசையைக் கைவிட்டு, கைவடிவு, இடம், அசைவு ஆகிய உறுப்புகளின் வரிசையில் சைகைகளை அடுக்கியது. 1989இல் வந்த ஆஸ்திரேலியச் சைகைமொழி அகராதியும், 1992இல் வந்த பிரித்தானியச் சைகைமொழி அகராதியும் அந்நெறியைப் பின்பற்றின. சைகையை முதலாகக் கொண்ட அகராதியில் ஒரே கைவடிவுடைய சொற்கள் அருகருகே அமைகின்றன. அம்மொழியின் சொல்லாக்க முறை அப்போதுதான் கண்ணுக்குப் புலனாகிறது.

தமிழில் இத்தகைய அகராதியைத் திட்டமிடுவோர்க்குத் துணைக்கலைச்சொற்கள் பழைய உரைகளிலேயே கிடைக்கின்றன. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரைவகுத்த அடியார்க்குநல்லார், ஒருகையால் அமைவனவற்றைப் பிண்டி என்றும் இருகையும் இணைவனவற்றைப் பிணையல் என்றும் பிரித்து, முன்னதை 33 ஆகவும் பின்னதை 15 ஆகவும் கூறுகிறார். எழிற்கை, தொழிற்கை, பொருட்கை என்னும் பகுப்பும் அவ்வுரையில் உண்டு. ஒற்றைக்கைச் சைகை, இரட்டைக்கைச் சைகை என்னும் வேறுபாடு இன்றைய சைகைமொழியியலிலும் அடிப்படையானது. ஆதலின் பிண்டி, பிணையல் என்பனவற்றை எடுத்துக்கொள்வதில் தடையில்லை. ஆனால் எல்லை உண்டு. கூத்தின் கைகள் வகுத்தமைத்த குறிகள். அவற்றை அறிந்தவர் பாடலின் துணையோடு பொருள்கொள்கின்றனர். செவிகேளாதோர் சைகைக்குப் பாடல் துணையில்லை; அதற்கு அதன் தொடரியலே துணை. ‘மெய்ப்பாடு’ என்னும் சொல்லைச் சைகைமொழியின் முகக்குறிப்புக்கு வழங்குவதும் தவிர்க்கத்தக்கது. தொல்காப்பியரின் மெய்ப்பாடு உள்ளத்துணர்வின் புறவெளிப்பாடு. சைகைமொழியில் புருவம் உயர்வதோ வினாவைக் காட்டும் இலக்கணக் கூறு. அதனை உணர்ச்சியாகக் கொள்ளும் பிழையைப் பயிற்சி இல்லாத மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் செய்கின்றனர். சொல்லாலும் அப்பிழைக்கு வழிவகுக்க வேண்டியதில்லை.

முதலெழுத்தின் மயக்கம்

கல்விச்சொல்லுக்குச் சைகை கிடைக்காதபோது எளிதாக நாடப்படுவது விரலெழுத்து. இந்தியச் சைகைமொழியின் விரலெழுத்து பிரித்தானிய வழிவந்த இருகை எழுத்துமுறை. ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளும் ஒரு கையின் ஐந்து விரல்நுனிகளில் மறுகைச் சுட்டுவிரலால் காட்டப்படும். சொல் முழுவதையும் எழுத்துக்கூட்டுவது நீளும். எனவே முதலெழுத்தை மட்டும் காட்டி அதனையே சைகையாக வழங்கும் வழக்கம் தோன்றுகிறது. ஒருகை எழுத்துமுறை உடைய அமெரிக்கச் சைகைமொழியில் ஒரு கை எழுத்தின் வடிவைத் தாங்கியவாறே பொருளுக்கேற்ற அசைவையும் இடத்தையும் பெறமுடிகிறது. இருகை எழுத்துமுறையில் இரண்டு கைகளும் எழுத்துக்கே செலவாகிவிடுகின்றன. பொருளைக் காட்ட எஞ்சுவது சிறிது. எழுத்தை இருமுறை தட்டுவது மட்டும் சைகையாகிவிடும். அமெரிக்கக் கல்விச்சைகைகளைப் பார்த்து இந்தியாவிலும் முதலெழுத்துச் சைகைகளைப் பெருக்கலாம் என எண்ணுவோர் இவ்வமைப்பு வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். மேலும் தமிழ்வழி மாணவர்க்கு ஆங்கில முதலெழுத்து எதனையும் நினைவூட்டாது. புவியியல், வடிவியல் என்னும் இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. தமிழில் பயிலும் குழந்தைக்கு இவ்விரண்டும் ஏன் ஒரே வடிவைத் தொடக்கமாகக் கொண்டன என்பது விளங்காத புதிராகவே இருக்கும்.

தாய்மொழி விரலெழுத்தை ஆக்குவது ஒரு மாற்று வழி. கேரளத்தில் தேசியப் பேச்சு, கேள்வி நிறுவனம் மலையாளத்துக்குரிய விரலெழுத்தை வடிவமைத்து 2021இல் வெளியிட்டது. தமிழுக்கு 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமுமாக 31 எழுத்துகளை, ஐந்து விரல்களை நீட்டியும் மடக்கியும் பெறும் 32 நிலைகளில் அமைக்கும் முயற்சியைப் பொறியியல் ஆய்வாளர் மேற்கொண்டதுண்டு. கணக்கு அழகாகப் பொருந்துகிறது. கை பொருந்துவதில்லை. மோதிரவிரலைமட்டும் நிமிர்த்தி ஏனைய நான்கையும் மடக்கிப் பார்ப்போர் இதனை உடனே உணர்வர். கணிப்பொறி படித்தறிவதற்கென அமைந்த முறையைக் குழந்தையின் விரல்கள் விரைந்து வழங்கும் முறையாகக் கொள்ளலாகாது. தவிர, நல்ல விரலெழுத்தும் எழுத்தையே தரும், கருத்தைத் தராது. எழுத்தை அறிந்து கருத்தை அறியாத நிலையே செவிகேளாதோர் கல்வியின் நெடுநாளைய துன்பம்.

இங்குத் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் வரலாறு நினைவுகூரத்தக்கது. 1916இல் சேலத்தில் இராஜாஜியின் முயற்சியில் தமிழ் அறிவியற்சொற்களுக்கெனச் சங்கம் ஒன்று தோன்றியது முதல், ஒலிபெயர்ப்பா மொழிபெயர்ப்பா என்னும் வழக்கு ஓயாது நடந்துவந்திருக்கிறது. முதலெழுத்துச் சைகை ஒருவகையில் ஒலிபெயர்ப்புக்கு நிகரானது. பிறமொழிச் சொல்லின் உடலை எடுத்துக்கொண்டு பொருளைப் பின்னர் கற்பிக்கலாம் என்பது அதன் கொள்கை. ஆனால் ஒலிபெயர்த்த சொல் செவியுடையார் சூழலில் அடிக்கடி காதில் விழுந்து பழகிவிடுகிறது. சைகையில் அத்தகைய பழக்கச்சூழல் வகுப்பறைக்கு வெளியே மிகக்குறைவு.

பின்னம் என்னும் கணிதக் கருத்தை எடுத்துக்கொள்ளலாம். மேலுள்ள எண்ணைத் தொகுதி என்றும் கீழுள்ள எண்ணைப் பகுதி என்றும் தமிழ்ப் பாடநூல்கள் வழங்குகின்றன. ‘பகுதி’ என்பதற்கு அகராதியில் சைகை தேடுவோர்க்குப் பெரும்பாலும் ஒரு பொருளின் துண்டு என்னும் பொருளுடைய சைகையே கிட்டும். அது பிழை மட்டுமன்று, எதிர்மாறானதும் கூட. பகுதி என்பது முழுமை எத்தனை கூறாகப் பிரிக்கப்பட்டது என்பதைக் காட்டுவதேயன்றி எடுக்கப்பட்ட கூற்றைக் காட்டுவதன்று. ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டினாலோ பதினொரு எழுத்து. சைகைமொழிக்கோ இக்கருத்து இயல்பாகவே கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. வெளியில் ஒரு கிடைக்கோடு, அதன் கீழே ஓர் எண், மேலே ஓர் எண். கீழுள்ளதைச் சுட்டி ‘முழுமை இத்தனையாக’ என்றும், மேலுள்ளதைச் சுட்டி ‘அவற்றுள் இத்தனை’ என்றும் ஒருமுறை காட்டிவிட்டால், அவ்விடங்களே பின்னர் அச்சொற்களாகிவிடுகின்றன. இடத்தைப் பெயராக்கும் இவ்வாற்றல் பேச்சுமொழிக்கு இல்லை. சொல்லுக்குச் சொல் என்னும் பட்டியல்முறை இவ்வாற்றலைப் பயன்படுத்த இடம் தருவதில்லை. பட்டியலில் ஒவ்வொரு சைகையும் தன் அண்டையிலிருந்து துண்டிக்கப்பட்டுத் தனியே நிற்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்காட்டிசு நடுவம் பிரித்தானியச் சைகைமொழிக்கு உருவாக்கிய அறிவியற் சொற்றொகை இவ்விடத்தில் நல்ல ஒப்புமை. அதில் துறையறிந்த செவிகேளாதோரே கூடிச் சைகைகளை ஆய்ந்து முடிவுசெய்தனர். தொடர்புடைய கருத்துகளுக்குத் தொடர்புடைய கைவடிவுகள் அமைந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் சைகைமொழியிலேயே தரப்பட்டது. வரையறையும் அம்மொழியிலேயே இருப்பதால் மாணவர் பொருளைத் தேடிப் பிறமொழிக்குச் செல்லவேண்டியதில்லை.

திசைச்சொல்லின் உரிமை

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக்கொள்கை நாடு முழுவதற்கும் இந்தியச் சைகைமொழியைத் தரப்படுத்தவேண்டும் என்கிறது. வட்டாரச் சைகைமொழிகள் மதிக்கப்படும், இயன்ற இடத்தும் பொருந்திய இடத்தும் கற்பிக்கப்படும் என்றும் அடுத்த தொடரிலேயே கூறுகிறது. முதல் தொடரை நிறைவேற்ற நிறுவனமும் நிதியும் அகராதியும் உள. இரண்டாம் தொடரை நிறைவேற்ற வேண்டிய முதற்பணி, வட்டாரச் சைகைகளைப் பதிவுசெய்தல். 75 விழுக்காடு ஒற்றுமை என்னும் பழைய கணக்கைக் காட்டி அப்பணி வேண்டாவென்று வாதிடுவோர் உளர். பொதுச்சொற்களை ஒப்பிட்டுப் பெறும் விழுக்காட்டைப் பள்ளிச்சொற்களுக்கு அப்படியே நீட்டமுடியாது. மீசையும் மூக்கணியும் நாடெங்கும் உண்டு. பாடத்திட்டமும் தேர்வுமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பள்ளிச்சைகைகள் பள்ளியிலேயே பிறக்கின்றன. 1928இலேயே வங்காளத்தின் மூன்று பள்ளிகளை ஒப்பிட்ட பனர்ஜி, சைகைகள் பள்ளிக்குப் பள்ளி வேறுபடுவதாகக் கண்டார். அவை தனித்தனி மொழிகள் என்னும் கருத்தைப் பின்னைய ஆய்வு ஏற்கவில்லை. ஆனால் பள்ளி ஒரு சொற்களம் என்னும் உண்மையை அவ்வேறுபாடு காட்டியது. எஞ்சிய 25 விழுக்காட்டில் கல்விச்சொற்களின் பங்கு மிகுதியாக இருக்கும் என்று கருதுவதற்கு இடமுண்டு.

தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை நான்காக வகுக்கும்போது இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றோடு திசைச்சொல்லையும் ஒன்றாக வைத்தது. செந்தமிழ் நிலத்துக்குப் புறத்தே வழங்கிய சொல்லைப் பிழையென்று தள்ளாமல், இலக்கியத்துள் நுழையும் உரிமையுடையதென்று கொண்ட முறை அது. தரப்படுத்தலைக் கடிந்து ஒதுக்கவேண்டியதில்லை. தில்லியில் பதிவான பாடத்தைப் பெங்களூருவின் மாணவர் காணவேண்டுமானால் பொதுச்சைகைகள் வேண்டும். பொதுச்சைகையின் அருகிலேயே பெங்களூர்-சென்னை வகையின் சைகை, எவ்வட்டாரத்தது என்னும் குறிப்போடு இடம்பெறுமானால் போதும். கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் அசையும் படமாக அமையும் அகராதிக்கு ஏடு குறைவென்னும் தடையும் இல்லை. வகுப்பில் மாணவர் தாமே ஆக்கிக்கொண்ட சைகையை ஆசிரியர் ‘இது தவறு, அகராதியில் இல்லை’ என்று திருத்தும் நிலை அப்போதுதான் தவிர்க்கப்படும்.

இதன் தேவை பள்ளியோடு முடிவதன்று. பெங்களூருவைச் சேர்ந்த செவிகேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, 2023 செப்டம்பரில் உச்சநீதிமன்றத்திலும் 2024 ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றத்திலும் சைகைமொழிபெயர்ப்பாளர் துணையோடு தோன்றினார். சட்டக்கல்வியின் சொற்கள் நீதிமன்றத்தில் சைகையாக ஒலித்தன என்று எழுதினால் அச்சொல்லும் செவியைச் சார்ந்ததாகிவிடும். சைகையாகத் தோன்றின என்பதே பொருந்தும். இத்தகைய இடங்களில் நிலைபெற்ற சைகை இல்லாத சொல் வரும்போது, மொழிபெயர்ப்பாளரும் அவரை நம்பி நிற்பவரும் முன்கூட்டியே கலந்து ஒரு சைகையை உடன்பட்டுக்கொள்வது சைகைமொழிபெயர்ப்பில் அறியப்பட்ட முறை. பொருளை நன்கறிந்த இருவர் தேவையின் நெருக்கடியில் ஆய்ந்து தெரிந்த சைகை அது. குழுவொன்று பட்டியலை வைத்துக்கொண்டு ஆக்கும் சைகையைவிட உறுதியானதாக இருக்க வாய்ப்புண்டு. வழக்கு முடிந்ததும் அதனை எவரும் குறித்துவைப்பதில்லை. அடுத்த ஆண்டு அதே சொல்லைச் சட்டக்கல்லூரி வகுப்பில் சந்திக்கும் மற்றொரு மாணவரும் அவருடைய மொழிபெயர்ப்பாளரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றனர்.